வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒத்துப்போகாதபோது

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய வீட்டில் இன்று கம்ப்யூட்டர் ஒன்றோடு நிற்பதில்லை. ஹாலில் ஒரு பழைய மேஜைக் கம்ப்யூட்டர், மகனோ மருமகளோ வைத்திருக்கும் லேப்டாப், ஆளுக்கொரு செல்போன் என்று நான்கைந்து சேர்ந்துவிடுகின்றன. போட்டோ ஒன்றில், பென்ஷன் தாள் இன்னொன்றில், வீட்டுப் பத்திரத்தின் நகல் மூன்றாவதில் என்று சிதறிக் கிடக்க, வேண்டிய நேரத்தில் வேண்டியது அகப்படுவதில்லை. இதற்கு மருந்தாக வந்ததுதான் பிள்ளைகள் 'சிங்க்' என்று சொல்லும் ஏற்பாடு. நான் அதை ஒத்திசைவு என்று எழுதுகிறேன். ஒரு கம்ப்யூட்டரில் குறிப்பிட்ட ஃபோல்டரில் எதைப் போட்டாலும், மாற்றினாலும், அழித்தாலும் மற்றவற்றிலும் தானாகவே அப்படியே ஆகிவிடும். கடைசியில் சொன்ன 'அழித்தாலும்' என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த ஃபோல்டர்கள் வெறும் ஃபைல்கள் இல்லை. ஊரில் இருக்கும் காணியின் பட்டா, அப்பா எழுதிய கடிதங்களின் ஸ்கேன், அம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்பு, இடித்துவிட்ட பூர்வீக வீட்டின் போட்டோ ஆகியவை எல்லாம் இப்போது அங்கேதான் இருக்கின்றன. தொலைந்தால் திரும்ப எடுக்க ஊரில் வீடும் இல்லை, ஆளும் இல்லை என்ற நிலையில் பலர் இருக்கிறோம். ஆகவே ஒத்திசைவில் பழுது வந்தால் எப்படித் தேடுவது என்று எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நான் ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன். படித்தது டிப்ளமோ. கம்ப்யூட்டர் என் தொழிலாக இருந்ததில்லை. ஆனாலும் பழுது தேடுகிற முறை எல்லாத் துறைக்கும் பொது. கடந்த இரண்டு மூன்று வருடங்களில் அன்பர்கள் வீடுகள் ஏழெட்டில் இந்தக் கோளாறுகளைப் பார்க்க நேர்ந்தது. உதாரணத்துக்கு, நான் வீட்டில் வைத்திருக்கும் சிங்க்திங் என்ற இலவச ப்ரோகிராமை எடுத்துக்கொள்கிறேன். 2013ல் வெளிவந்தது. நம் ஃபைல்கள் எந்தக் கம்பெனியின் சர்வரிலும் போய்த் தங்காமல், கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நேராகப் பேசிக்கொள்ளும். வேறு ப்ரோகிராம் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்லும் வரிசை பெரும்பாலும் பொருந்தும்.

பாதியில் வெட்டிப் பாருங்கள்

நாலைந்து கிலோமீட்டர் சிக்னல் கேபிளில் பழுது என்றால், ஒரு முனையிலிருந்து தோண்டிக்கொண்டே போக மாட்டோம். நடுவில் இருக்கும் லொகேஷன் பெட்டியைத் திறந்து மீட்டர் வைப்போம். மின்சாரம் அதுவரை வந்திருந்தால் பழுது அந்தப் பக்கம். வரவில்லையென்றால் இந்தப் பக்கம். ஒரே சோதனையில் பாதி வேலை குறைந்துவிடும்.

ஒத்திசைவிலும் அப்படி ஒரு சோதனை உண்டு. நோட்பேடில் இரண்டு வரி எழுதி, 'டெஸ்ட்1' என்று ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர் வைத்து, ஒத்திசைவு ஃபோல்டரில் போடுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். மற்றக் கம்ப்யூட்டரில் அது வந்துவிட்டால் பாதை சரியாக இருக்கிறது. பழுது குறிப்பிட்ட ஃபைலில் இருக்கிறது. வரவில்லையென்றால் பழுது பாதையில். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து 'டெஸ்ட்2' அனுப்பிப் பாருங்கள். ஒரு திசையில் போய் மறு திசையில் வரவில்லையென்றால், ஃபோல்டரை யாரோ 'அனுப்புவது மட்டும்' அல்லது 'பெறுவது மட்டும்' என்று அமைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் ப்ரோகிராமையே அழித்துவிட்டு மறுபடி போடுபவர்கள் உண்டு. வேண்டாம். பழுது எங்கே என்று தெரியாமல் கழற்றினால், மாட்டும்போது இரண்டாவது பழுதும் சேர்ந்துகொள்ளும்.

எதுவுமே போகவில்லை என்றால்

பாதையில் பழுது என்று தெரிந்துவிட்டது. சுலபமானதிலிருந்து கடினமானதற்குப் போவோம்.

முதலாவது, இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் விழித்திருக்கின்றனவா? நேராகப் பேசிக்கொள்ளும் ஏற்பாட்டில் ஒருவர் தூங்கினால் பேச்சு நின்றுவிடும். லேப்டாப்பை மூடினால் அது தூங்கப் போய்விடும். செல்போனில் பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக, பின்னணியில் ஓடும் செயலிகளைப் போனே நிறுத்திவிடும். செட்டிங்கில் பேட்டரிப் பகுதிக்குப் போய் இந்தச் செயலிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். இன்னொன்று: சிங்க்திங்கின் மூல ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதையே வைத்திருப்பவர்களுக்கு இனித் திருத்தம் வராது.

இரண்டாவது, இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்களா? ஒவ்வொரு கருவிக்கும் நீண்ட அடையாள எண் ஒன்று உண்டு. அதை இரண்டு பக்கமும் பதிய வேண்டும். அதன்பிறகு ஃபோல்டரையும் மறுபக்கம் தனியாக ஏற்க வேண்டும். சம்பந்தி வீட்டார் இருவரும் தாம்பூலம் மாற்றினால்தான் நிச்சயம் என்பது போல. ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டுக் காத்திருந்த வீடுகள் இரண்டைப் பார்த்தேன்.

மூன்றாவது, இரண்டும் ஒரே வலையில்தான் இருக்கின்றனவா? நம் ஃப்ளாட்டுகளில் இது அடிக்கடி வரும் கோளாறு. ஹாலில் கம்பெனிக்காரர் வைத்த ரூட்டர். உள் அறையில் சிக்னல் எட்டவில்லை என்று நாமே வாங்கி மாட்டிய இன்னொரு ரூட்டர். இரண்டாவது ரூட்டர் தனக்கென்று ஒரு தனி வலையை உண்டாக்கிவிட்டால், அதில் சேர்ந்த லேப்டாப்பும் ஹாலில் உள்ள கம்ப்யூட்டரும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் வேறு வேறு தெருவில் இருப்பவை போல ஆகிவிடும். கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொன்றின் நெட்வொர்க் செட்டிங்கிலும் ஐபி முகவரி என்று நான்கு எண்கள் இருக்கும். வீடுகளில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் ஒரே வலை. ஒன்றில் 192.168.1 என்றும் மற்றதில் 192.168.0 என்றும் இருந்தால் வலை இரண்டு. இரண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். விருந்தாளிகளுக்கென்று இருக்கும் 'கெஸ்ட்' வைஃபையில் சேர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான். அதில் சேர்ந்த கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரூட்டரே தடுத்துவிடும்.

வேலை நடக்கிறது, ஆனால் ஆமை வேகம் என்றால் திரையில் இணைப்பு வகையைப் பாருங்கள். 'ரிலே' என்று காட்டினால், ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போக வேண்டிய ஃபைல் எங்கோ வெளியே உள்ள ஒரு கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த இரட்டை வலையோ அடுத்துச் சொல்லும் ஃபயர்வாலோதான்.

நான்காவது, ஃபயர்வால். விண்டோஸ் தான் சேரும் ஒவ்வொரு வலையையும் 'பப்ளிக்' என்றோ 'பிரைவேட்' என்றோ வைத்துக்கொள்ளும். பப்ளிக் என்றால் ரயில் நிலையத்து வைஃபை மாதிரி நினைத்துக்கொண்டு, வெளியிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் திறக்காது. வீட்டு வைஃபையை பிரைவேட் என்று மாற்றி, ஃபயர்வாலில் இந்த ப்ரோகிராமுக்கு அனுமதி கொடுங்கள். வேறு ஃபயர்வால் வைத்திருப்பவர்கள் 22000, 21027 என்ற இரண்டு போர்ட் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது ஃபைல் போகிற வாசல். இரண்டாவது வீட்டுக்குள் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கண்டுபிடிக்கிற வாசல்.

ஐந்தாவது, இடம் இருக்கிறதா? டிஸ்க் நிரம்பும் தறுவாயில் இருந்தால் ப்ரோகிராம் தானாகவே நிறுத்திக்கொள்ளும். இதைக் கடைசியில் எழுதினாலும் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

சில மட்டும் போகவில்லை என்றால்

டெஸ்ட் ஃபைல் போய்விட்டது. ஆனால் குறிப்பிட்ட சிலது மட்டும் போகாமல் அடம் பிடிக்கின்றன. அப்போது முதலில் அந்த ஃபைல் எங்காவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்செல் போன்றவை திறந்து வைத்திருக்கும் ஃபைலைப் பூட்டிவிடும். மூடினால் போய்விடும்.

அடுத்தது பெயர். விண்டோஸில் ஃபைல் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் குறி போன்றவை கூடாது. லினக்ஸில் இவை கூடும். பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்திருப்பவர்கள், 'இது யார்?' என்று ஒரு போட்டோவுக்குப் பெயர் வைத்தால் அது லினக்ஸில் இருக்கும், விண்டோஸுக்கு வராது. அதுபோல 'அப்பா' என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி ஒன்றும், சின்ன எழுத்தில் தொடங்கி ஒன்றும் வைத்தால் லினக்ஸுக்கு அவை இரண்டு, விண்டோஸுக்கு ஒன்றுதான். எதை ஏற்பது என்று அது திணறும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். நான் தமிழில்தான் பெயர் வைக்கிறேன். யாரும் விட வேண்டாம். காரணம் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, நீளம். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கி' என்பதில் ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. ஆக ஆறு பைட். புள்ளி வைத்த மெய்க்கும் ஆறுதான். கணக்குப் போட்டால் சுமார் நாற்பது, ஐம்பது எழுத்துகளில் எல்லை வந்துவிடும். விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே அதைவிட நீண்ட பெயரும் செல்லும். எனவே 'பெரியம்மா சொன்ன திருநெல்வேலி சொதிக் குழம்பு செய்முறை தீபாவளி மறுநாள் எடுத்தது' என்பதையும்விட இன்னும் நீட்டிக் கம்ப்யூட்டரில் ஆசையாகப் பெயர் வைத்த வீடியோ, எல்லையைத் தாண்டினால் போனுக்கு மட்டும் போகாமல் நிற்கும். முப்பது எழுத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கொம்பும் காலும். 'கொ' என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் இருப்பதைப் பார்க்கிறோம். கம்ப்யூட்டருக்குள் இந்த ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று இரண்டாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டருக்கோ அவை வேறு வேறு பெயர்கள். 2017க்கு முந்தைய மேக் கம்ப்யூட்டர்கள் பெயர்களை இரண்டாவது முறையில் பிரித்தே வைத்தன. அதிலிருந்து பென்டிரைவ் வழியாகவோ வேறு வழியாகவோ வந்த 'கொலு' என்ற ஃபோல்டர், நம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே உள்ள 'கொலு'வோடு சேராமல் பக்கத்திலேயே இன்னொன்றாக உட்கார்ந்துகொள்ளும். சிங்க்திங் போன்றவை இதைத் தாமே சரிசெய்யப் பார்க்கும். எல்லா ப்ரோகிராமும் செய்வதில்லை. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் தெரிந்தால் ஒன்று நகல் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே வேறு வேறு வருடத்துக் கொலு இருக்கலாம்.

போனது, ஆனால் தப்பாகப் போனது

இதுதான் எனக்கு மிகவும் பழக்கமான இடம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராமல் எப்படிக் காத்தோம் என்று பலர் கேட்பதுண்டு. இரண்டு ஸ்டேஷன்களிலும் நீல்ஸ் டோக்கன் கருவி என்று ஒன்று இருந்தது. அதற்குள் இரும்புக் குண்டுகள். இரண்டு கருவிகளும் கம்பி மூலம் பிணைக்கப்பட்டவை. ஒரு குண்டு வெளியே வந்துவிட்டால், அது திரும்ப ஏதாவதொரு கருவிக்குள் போகும்வரை இரண்டிலிருந்தும் இன்னொரு குண்டை எடுக்க முடியாது. அந்தக் குண்டு கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை அந்தத் தடத்தில் எடுக்கலாம். வளையத்தில் பையைக் கட்டி, ஓடும் வண்டியில் கைமாற்றுவதை நம்மில் பலர் ஜன்னல் வழியே பார்த்திருப்போம்.

ஒத்திசைவில் இந்த டோக்கன் கிடையாது. ஒரே ஃபைலை அப்பா ஹாலில் திறந்து திருத்தலாம். அதே நேரத்தில் நெட் இல்லாத ரயிலில் உட்கார்ந்து மகளும் லேப்டாப்பில் திருத்தலாம். மகள் வீட்டுக்கு வந்து வைஃபையில் சேர்ந்ததும் இரண்டு வண்டியும் நேருக்கு நேர் வருகின்றன. சிங்க்திங் இரண்டையும் காப்பாற்றத்தான் பார்க்கும். எது பிந்தித் திருத்தப்பட்டதோ அதை அசல் பெயரில் வைத்துக்கொண்டு, முந்தியதன் பெயரில் 'சிங்க் கான்ஃப்ளிக்ட்' என்ற சொற்களையும் தேதியையும் நேரத்தையும் ஆங்கிலத்தில் சேர்த்து அருகிலேயே வைக்கும்.

ஓர் அன்பர் வீட்டில் எக்செலில் வம்சாவளி எழுதி வந்தார்கள். இப்படிப்பட்ட பெயரோடு நாலு ஃபைல் கிடந்ததைக் குப்பை என்று அழிக்கப் போனார்கள். திறந்து பார்த்தபோது, ஒன்றில் தாய்வழியில் பதினோரு பெயர்கள் இருந்தன. அசல் ஃபைலில் அவை இல்லை. அந்தப் பெயர்களைச் சொன்ன அத்தைப்பாட்டி இப்போது உயிரோடு இல்லை. கான்ஃப்ளிக்ட் என்று பெயரிட்ட ஃபைலை அசலோடு பக்கத்தில் வைத்து, ஒப்பிட்டு, வேண்டியதைக் கையால் சேர்த்த பிறகே அழிக்க வேண்டும்.

இங்கே கடிகாரமும் முக்கியம். எது பிந்தியது என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை வைத்துத்தான். பழைய கம்ப்யூட்டரில் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அந்த நிலையில் இன்று செய்த திருத்தம் பழையதாகக் கருதப்பட்டு, போன மாதத்தது ஜெயித்துவிடும். பேட்டரியை மாற்றி, நேரத்தை இன்டர்நெட்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள்.

டோக்கன் இல்லையென்றால் நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். அந்த வம்சாவளி வீட்டில் இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'டோக்கன் என்னிடம்' என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் ஃபைலைத் திறக்கிறார்கள். வேலை முடிந்து, திரையில் எல்லாம் சரியென்று காட்டிய பிறகு 'டோக்கன் வைத்தாயிற்று' என்று இன்னொரு வரி. ஒரு வருடமாகக் கான்ஃப்ளிக்ட் ஃபைல் ஒன்றுகூட வரவில்லை.

ஒத்திசைவு காப்பு ஆகாது

இப்போது முதலில் சொன்ன 'அழித்தாலும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். எண்பத்துநாலு வயதுப் பாட்டி, நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் தாலாட்டுமாக 31 பாட்டுகளைப் பாட, பேரன் தன் போனில் பதிவு செய்தான். போனிலும் மேஜைக் கம்ப்யூட்டரிலும் லேப்டாப்பிலும் ஒத்திசைவு இருந்ததால், மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். பாட்டி காலமான மறு வருடம் போனில் இடமில்லை என்று பேரன் அந்த ஃபோல்டரைக் காலி செய்தான். 'கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே' என்பது அவன் எண்ணம். சில நிமிடங்களில் மற்ற இரண்டிலும் காலி. ப்ரோகிராம் சொன்னதைச் செய்தது; அதில் பழுதே இல்லை.

என்னைக் கூப்பிட்டது மூன்றாம் நாள். சுழலும் ஹார்ட் டிஸ்கில், அழித்த ஃபைல் அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் கிடக்கும். ஆனால் அந்த மூன்று நாளும் கம்ப்யூட்டரை வழக்கம்போல் பயன்படுத்தி, சினிமாகூட இறக்கியிருந்தார்கள். மீட்பு ப்ரோகிராம் போட்டுக் கிடைத்தது ஒன்பது பாட்டு. லேப்டாப்பில் இருந்தது எஸ்எஸ்டி. அதில் அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடுவதால் ஒன்றும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மருமகளுக்கு முன்பு அனுப்பியிருந்த ஐந்து பாட்டுகள் அவர் போனிலிருந்து வந்தன. மற்ற பதினேழும் போனது போனதுதான்.

ஆகவே நான்கு காரியங்களைச் செய்துவிடுங்கள்.

1. சிங்க்திங்கில் 'ஃபைல் வெர்ஷனிங்' என்று ஒன்று உண்டு. அதில் 'டிராஷ் கேன்' முறையைத் தேர்ந்தெடுங்கள். மற்றக் கம்ப்யூட்டரில் அழித்ததோ மாற்றியதோ இங்கே நேரடியாகப் போய்விடாமல் ஒரு தனிக் கூடையில் நீங்கள் சொன்ன நாள்வரை கிடக்கும். ஒரு விஷயம்: எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் இது காவல். அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து நாம் அழித்ததற்கு அங்கே கூடை கிடையாது. எனவே எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டு வையுங்கள்.

2. மாதம் ஒருமுறை, முக்கியமானவற்றை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். கம்பியில் இல்லாத நகலை யாரும் தவறுதலாக அழிக்க முடியாது. பென்டிரைவாக இருந்தால் அது ஃபேட்32 முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது. கல்யாண வீடியோ நிற்பது அங்கேதான். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் முதலில் காலி செய்துகொள்ளுங்கள்.

3. இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். புனேயில் இருக்கும் மகளிடமோ ஊரில் இருக்கும் தம்பியிடமோ கொடுத்து வைக்கலாம். மழைத் தண்ணீர் தரைத்தளத்தில் புகுந்தால் கம்ப்யூட்டரும் பீரோவும் சேர்ந்தே நனையும்.

4. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். ரயில்வேயில் மாற்று மின்சாரத்தை அவ்வப்போது ஓட்டிப் பார்ப்போம். தேவை வரும் நாளில்தான் முதல்முறை ஓட்டுவது என்று வைத்துக்கொள்ள மாட்டோம்.

தவறுதலாக ஏதாவது அழிந்துவிட்டால் முதல் காரியம், எல்லாக் கருவியிலும் வைஃபையை நிறுத்துவது. மாற்றம் இன்னும் போய்ச் சேராத கம்ப்யூட்டர் ஒன்றாவது தப்பிக்கலாம். அதன்பிறகு அந்த ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அணைத்து வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அன்றே கூப்பிடுங்கள்; மூன்றாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் யாராவது லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்கையும் எடுத்து வந்தால், முதல் நகலை அங்கேயே உட்கார்ந்து எடுத்துக் கொடுக்க நான் தயார்.